பேரப்பிள்ளை இல்லாதவனின் கல்வெட்டு

லண்டனில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் கண்ணை மூடினால் முதலில் மண்டபம் பிடிப்பார்கள். அடுத்தது சபாரத்தினத்துக்குப் போன் அடிப்பார்கள். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் வேண்டுமே. அதற்குக் கல்வெட்டு என்று பேர். இறந்தவரின் படம், இரண்டு தேவாரம், பிறகு அவர் புகழைப் பாடும் நாலைந்து விருத்தம். அந்த விருத்தங்களைக் கட்டிக் கொடுப்பது சபாரத்தினம்தான். கல்யாணத்துக்கு வாழ்த்துப்பாவும் எழுதுவார். மற்றப்படி ஒரு பெரிய நூலகத்தின் கண்காட்சி மண்டபத்தில் அவர் செக்யூரிட்டி. பிளேஸ்டோவில் ஒற்றை அறையில் தனிக்கட்டை வாழ்க்கை.

ஆளுக்கு ஆள் புதிதாக எழுத மனுசனுக்கு என்ன விசரா? வியாபாரிக்கு ஒன்று, வாத்தியாருக்கு ஒன்று, தாய்மாருக்கு ஒன்று என்று கைவசம் அச்சு இருந்தது. பேரை மாற்றி, ஊரை மாற்றி, சீர் தட்டாமல் செருகிவிடுவார். யாரும் குறை சொன்னதில்லை. சனம் அழுதுகொண்டேதான் வாசித்தது.

அப்படித்தான் றமணனுக்கும் செய்தார். அங்கேதான் பிழைத்தது.

றமணன் யாரோ எவரோ இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சபாரத்தினத்தோடு ஒரே அறையில் கிடந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே ஓவர்கோட். ஒருவர் பகல் ஷிப்ட், மற்றவர் இரவு ஷிப்ட் என்பதால் சமாளித்தார்கள். காலையில் றமணன் வந்து கழற்றிக் கொடுத்த சூட்டோடேயே சபாரத்தினம் போட்டுக்கொண்டு ஓடுவார். பஸ்ஸில் ஏறிப் பொக்கெற்றுக்குள் கைவிட்டால் முழுக்கக் கச்சான் கோது, றமணன் இரவிரவாகக் கொறித்த வேர்க்கடலையின் தோல். "சனியன்!" என்று திட்டாத காலை கிடையாது.

றமணன் கலியாணம் கட்டவில்லை. தங்கச்சி கலாவதியை ஊரிலிருந்து கூப்பிட்டு, சவுத்தாலில் குடிவைத்து, அவள் பிள்ளைகள் படித்து முடித்ததும் ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் விழுந்து செத்துப் போய்விட்டான்.

கலாவதி போன் அடித்தபோது சபாரத்தினம் வேறொரு வேலையில் மூழ்கிக் கிடந்தார். ரெய்னர்ஸ் லேனில் ஒரு பெரிய கடைக்காரரின் மகளுக்குக் கலியாணம். அந்த வாழ்த்துப்பாவைச் செதுக்கிச் செதுக்கி எழுதிக்கொண்டிருந்தார். சிநேகிதனுக்கோ, வேலைக்குப் போகுமுன் தேத்தண்ணி ஆறுகிற நேரத்தில், வியாபாரி அச்சை எடுத்துப் பேரை மாற்றி அனுப்பிவிட்டார்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் ஜெராட் என்கிற பழைய கூட்டாளி அதை உரக்க வாசித்தான். "பேரர்கள் தலைதடவிப் பெருமையொடு வாழ்ந்தவனே..." வாசித்தவன் நிமிர்ந்து சபாரத்தினத்தைப் பார்த்தான்.

"எடேய், றமணனுக்கு எங்கேயடா பேரப்பிள்ளை? ஒளிச்சு வச்சிருந்தவனோ, கள்ளன்!"

ஒரு மேசை சிரித்தது. பிறகு மண்டபமே சிரித்தது. சோறு பரிமாறிக்கொண்டிருந்த கலாவதி அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குப் பிறகு அவள் சபாரத்தினத்தின் போனை எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து நூலகத்தில் புதிய கண்காட்சி வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நீளமான தோல்சுருள், முழுக்க லத்தீன். அங்கே வேலை பார்க்கும் வாணி, சிங்கப்பூர்ப் பிள்ளை, மதியம் ஓய்வாக நின்றபோது விளக்கம் சொன்னாள்.

"அங்கிள், ஒரு கன்னியர் மடத்துத் தலைவி இறந்துட்டாங்க. எண்ணூறு, தொள்ளாயிரம் வருசம் இருக்கும். இந்தச் சுருளை ஒரு ஆள் கழுத்துல மாட்டிக்கிட்டு மடம் மடமா நடப்பாரு. ஒவ்வொரு மடத்துலயும் அவங்களுக்காகக் கொஞ்சம் கவிதை எழுதிக் கொடுக்கணும்."

"கல்வெட்டு!" என்றார் சபாரத்தினம், தன்னை மறந்து. "ஆர் எழுதுறது?"

"துறவிங்கதான். அதுல பெரிய கைகாரங்க ராஜா சபையிலயும் பாடுவாங்க. விருந்துன்னா புகழ்ச்சி, பரிசு, வைன். யாராவது செத்தா இது."

"எங்கட ஆக்கள்தான், பிள்ளை."

வாணி சிரித்தாள். "ஆமா அங்கிள், காப்பி அடிக்கிறதுலயும்தான்! பாருங்க, இந்த மடம், அந்த மடம், எல்லாம் ஒரே வரி. பேர் மட்டும் வேற. அவங்க யாருன்னே இவங்களுக்குத் தெரியாது, பாவம், என்னத்த எழுதுவாங்க?"

சபாரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு றமணனைத் தெரிந்திருந்ததே.

"இது மட்டும் வேற மாதிரி," என்று அவள் அடியில் கோணல்மாணலாக இருந்த எழுத்தைக் காட்டினாள். "அவங்க சொந்த மடத்துச் சகோதரி யாரோ எழுதினது. லத்தீன்ல நிறைய தப்பு, தாளமும் உதைக்குது. 'நீ பாடும்போது எப்பவும் முந்தி ஓடுவ, நாங்க மூச்சு வாங்கப் பின்னால ஓடி வருவோம். இனிமே நிதானமா பாடலாம். அந்த நிதானம் எங்களுக்கு வேண்டாம்.' அவ்வளவுதான்."

அவள் போய்விட்டாள். சபாரத்தினம் ஷிப்ட் முடியும் மட்டும் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை.

ஒரு வருசம் முடிந்து றமணனின் ஆட்டைத் திவசம் வந்தபோது அழைப்பு இல்லாமலே சவுத்தாலுக்குப் போனார். சனம் சாப்பிட்டுக் கலைந்த பிறகுதான் கதவைத் தட்டினார். கலாவதி கதவைத் திறந்தாள். "வாங்கோ" என்று சொல்லவில்லை. கதவை மூடவுமில்லை.

"பிள்ளை, ஒண்டு எழுதிக் கொண்டு வந்தனான். பழைய கல்வெட்டை எறிஞ்சிட்டு இதை அடிச்சுக் குடுப்பம். என்ர செலவு."

அவள் நின்றபடியே வாசித்தாள். சீர் இல்லை, எதுகை இல்லை. ஒரு கோட்டு, இரண்டு பேர், காலைச் சூடு, கச்சான் கோது. கோது இல்லாத பொக்கெற்றுக்குள் கைவிட ஏலாமல் இருக்கிறதென்று கடைசி வரி.

வாசித்து முடித்து நிமிர்ந்தாள்.

"சபா அண்ணை, இவ்வளவும் உங்களுக்கு அண்டைக்கே தெரியும்தானே?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டே அதை எழுதித் தந்தனீங்கள்."

ரெய்னர்ஸ் லேன் கலியாணத்தைச் சொல்வதா? அந்த வாழ்த்துப்பாவை அங்கே யாரும் வாசிக்கக்கூட இல்லை. கேக் வெட்டுகிற மேசையில் கிடந்து நனைந்தது.

"அச்சடிக்க வேண்டாம் அண்ணை. சிரிச்ச சனத்தைத் திருப்பிக் கூப்பிட்டு வச்சு அழச் சொல்ல ஏலாது." தாளை அவரிடமே நீட்டினாள். "அவருக்குத்தானே எழுதினீங்கள். படத்துக்கு முன்னால நிண்டு வாசியுங்கோ."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

சபாரத்தினம் விருத்தத்தை ராகம் இழுத்துப் படித்தே பழகியவர். இதற்கு ஒரு ராகமும் வரவில்லை. வெறும் பேச்சாக, அறையில் இருக்கும் ஒருவனிடம் சொல்வதுபோல வாசித்தார். பாதியில் நிமிர்ந்து பார்த்தார். மாலைக்குள் இருந்த படம் வந்த புதிதில் எடுத்தது. றமணன் அந்த ஓவர்கோட்டைத்தான் போட்டிருந்தான். ஒரு கை பொக்கெற்றுக்குள் இருந்தது.