ஒரே வருஷத்து ஐந்து புட்டிகள்

நாக்குக்காரரைப் பார்த்துக்கொள்ள நான் நர்ஸாகப் போனபோது அவருக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்திருந்தது. கையும் காலும் போனதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. தொண்டை போனதுதான் அவருக்குப் பெரிய அடி. ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சாப்பாடு, மருந்து எல்லாம் வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான். காலையும் மாலையும் ஈரப் பஞ்சுக் குச்சியால் நான் துடைத்துவிடுவதைத் தவிர அந்த வாய்க்கு வேறு வேலை இல்லை.

அந்த வாயை வைத்துத்தான் அவர் குடும்பத்தைக் கரையேற்றியிருந்தார். ஒயின் வியாபாரி ஒருவரிடம் ருசி பார்க்கும் உத்தியோகம். அவர் தலையசைத்தால் வாங்குவார்கள், உதட்டைப் பிதுக்கினால் திருப்பி அனுப்புவார்கள். நாள் முழுக்க வாயில் ஊற்றுவார், சுழற்றுவார், பித்தளைத் தொட்டியில் துப்புவார். தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. “நாக்கு போயிட்டிருக்காரு, கடை திறந்தாச்சு” என்று அவரை வைத்து மணி பார்த்தவர்கள் உண்டு.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியை ஒரு நாள் மகள் காலி செய்தாள். சக்கரக் கட்டில் திரும்ப இடம் வேண்டியிருந்தது. உள்ளே ஐந்து கறுப்புப் புட்டிகள் படுத்த வாக்கில் கிடந்தன. ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. இடம் மாற்றினாலும் அந்தக் கோடு மேலே பார்க்கும்படிதான் மறுபடி கிடத்த வேண்டுமாம். அப்போதுதான் அடியில் படிந்த வண்டல் கலையாது.

“அப்பா, இதை மாமா வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிடவா?” என்றாள் மகள்.

அவர் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். பேச்சு குழறும், ஆனால் புரியும். “நீ பொறந்த வருஷம் அது. அஞ்சும்.”

மறுநாளே மைத்துனர் வந்துவிட்டார். இறந்துபோன மனைவியின் தம்பி; அதே கடையில் புட்டி திறந்து வடிக்கும் வேலை பார்த்தவர். விஷயத்தை அவர்தான் எனக்கு விளக்கினார். போர்ட் என்பது ஒரே ஆற்றங்கரைத் திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின்; அதில் எல்லா வருஷமும் ஒன்றல்ல. வெயிலும் மழையும் கணக்காக அமைந்த வருஷத்தைத்தான் தயாரிப்பாளர்கள் வருஷப் பெயர் போட்டு வெளியே விடுவார்கள். அதைப் புட்டியில் அடைத்தபின் பல பத்தாண்டுகள் இருட்டில் கிடக்க வேண்டும். மகள் பிறந்த வருஷம் அப்படி ஓகோ என்று அமைந்துவிட்டது. அதில் பேர் வாங்கிய ஐந்து முத்திரைகளையும், ஒயின் இளசாக இருக்கும்போதே இவர்கள் இருவரும் ருசி பார்த்தார்கள். படகு முத்திரைதான் முதல் என்றார் நாக்குக்காரர். சாவி முத்திரை என்றார் மைத்துனர்.

“கிண்ணத்துல ஆணியைப் போட்டு ஊற வெச்ச மாதிரி இருக்குன்னாரு சாவியை. அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை, சிஸ்டர். பழுத்ததும் அஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துத் தீத்துக்கலாம்னு வெச்சது.”

“ஏன் இன்னும் பாக்கல?”

“அக்கா இருந்தவரைக்கும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே ஓட்டிட்டோம்.”

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “இப்போ.”

மகளுக்குக் கோபம். “தண்ணியே இறங்காத தொண்டைக்கு ஒயினா? மாமா, நீங்களும் சேர்ந்து ஆடுறீங்களே.”

நாக்குக்காரர் என்னைப் பார்த்தார். “விழுங்கணும்னு யாரு சொன்னா, சிஸ்டரம்மா? துப்புறதுதான என் உத்தியோகம்.”

துப்புவதற்கு அவர் உதடு குவியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் டாக்டருக்கு போன் செய்தேன். பஞ்சுக் குச்சியில் தொட்டு, நன்றாகப் பிழிந்து, நாக்கில் தடவினால் பரவாயில்லை என்றார். உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும், சளி உறிஞ்சும் மெஷின் பக்கத்தில் இருக்க வேண்டும். அது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வண்டல் அடியில் இறங்கட்டும் என்று புட்டிகளை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்தோம். மறுநாள் காலை மைத்துனர் நீளக் கைப்பிடி வைத்த இடுக்கி ஒன்றோடு வந்தார். இத்தனை வருஷத்தில் தக்கை மக்கிப் போயிருக்கும், திருகினால் தூளாகி உள்ளே விழும். அதனால் இடுக்கியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, புட்டிக் கழுத்தைச் சுற்றிக் கவ்வ வைத்து எடுத்தார். அதே இடத்தில் ஈரத்துணியை ஒற்றினார். டிக் என்று ஒரு சத்தம். கழுத்து தக்கையோடு கையில் வந்தது, கத்தியால் வெட்டியதுபோல. அறுவை அரங்கில் நல்ல கைகளைப் பார்த்திருக்கிறேன். இது அந்த வரிசையில் வைக்க வேண்டிய கை.

வண்டல் வராமல் வடிக்கக் கீழே வெளிச்சம் வேண்டும் என்றார். கண் பாப்பாவைச் சோதிக்கும் என் சின்ன டார்ச்சைப் பிடித்தேன். ஒவ்வொரு புட்டியையும் ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்து, ஜாடிக்கு முன்னால் அந்தப் புட்டியின் உடைந்த கழுத்தை வைத்தார். தக்கையில் முத்திரை தெரியும். பிறகு ஐந்து கிளாஸ்களின் அடியில் சாக்பீஸால் குறி போட்டு, முறை மாற்றி ஊற்றி, தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தார்.

நாக்குக்காரரை நிமிர்த்தி உட்காரவைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நிறம் பொய் சொல்லும்” என்றார். வேலையிலும் அப்படித்தானாம்.

கிளாஸை மூக்கருகே பிடித்தேன். பிறகு குச்சி. மாதக்கணக்கில் கல்லாக இருந்த முகத்தின் வலப்பக்கம் அசையவில்லை. ஆனால் இடப்பக்கம் முழுக்க விழித்துக்கொண்டது. எத்தனையோ படுக்கைகளைப் பார்த்தவள் நான். நாக்கில் ஒரு துளி ஈரம் பட்டு ஒரு மனிதர் எழுந்து வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“கிளி முத்திரை. வந்ததும் சிரிப்பான், அப்புறம் ஆளைக் காணோம்.”

இரண்டாவது. “மணி. கிராம்புப் பெட்டியைத் திறந்த வாசனை.”

மூன்றாவதைத் தொட்டதும், “மலைவீடு” என்றார். “நல்லவன். நல்லவன்கிறதைத் தவிர சொல்ல ஒண்ணும் இல்ல.” மகள் சிரித்துவிட்டாள்.

நான்காவதற்குக் கொஞ்சம் யோசித்தார். “இது சாவி. வயசாயிடுச்சு பாவம். மெலிஞ்சிட்டான்.”

ஐந்தாவது குச்சியை வாயிலிருந்து எடுக்கப் போனேன். அவர் பல்லால் கவ்விக்கொண்டார். நான் தாடையைத் தட்டினேன், விடவில்லை. மூச்சு வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் விட்டார்.

“என் படகு. இதுதான் முதல். அஞ்சுலயும் இவன்தான்.”

மைத்துனர் கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மற்ற நான்கும் பளிச்சென்று சுத்தம். தட்டில் வைப்பதற்கு முன் கிளாஸின் அடியைத் துணியால் ஒரு துடை துடைப்பது அவருடைய கடைப் பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது.

“இத்தனை வருஷம் காத்திருந்து, கடைசியில துடைச்சு வெச்சுட்டீங்களே மாமா” என்றாள் மகள்.

ஜாடிகளையும் கிளாஸ்களையும் ஜன்னலருகே வெள்ளை விரிப்பின் மேல் வைக்கச் சொன்னேன். சிறுநீரின் நிறத்தைப் பார்த்தே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சொல்லிப் பிழைத்தவள் நான். இது எனக்குப் பெரிய காரியமில்லை. ஒன்று செங்கல் நிறம், ஒன்றின் ஓரம் தேன், ஒன்று இன்னும் மைபோல இருண்டு கிடந்தது. கிளி, மணி, மலைவீடு மூன்றும் அவர் சொன்னபடியே. மற்ற இரண்டும் இடம் மாறியிருந்தன. அவர் விடாமல் கவ்விய அந்த மைக்கறுப்பு, சாவி.

மைத்துனரும் பார்த்துவிட்டார். மகள் அவர் கையைப் பிடித்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு கட்டிலருகே போனார்.

“அத்தான், தோத்துட்டீங்க. அது சாவி.”

நாக்குக்காரர் கண்ணைத் திறந்தார். நான் சளி மெஷின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அவர் தோள் குலுங்கியது. மூச்சுத் திணறல் இல்லை, சிரிப்பு.

“ஆணி ஊறின தண்ணின்னேன்டா.”

“சொன்னீங்க.”

“அந்த ஆணிதான் இத்தனை வருஷம் தாங்கியிருக்கு. என்னுது அப்பவே அழகா இருந்துச்சு, அதோட சரி.” கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். “இருட்டுல கிடந்துக்கிட்டு என்ன வேலை பாத்திருக்கு பாரு. யாரும் கிட்ட போகல. யாரும் ஒண்ணும் பண்ணல.” பிறகு மகளைப் பார்த்து, “நீயும் குடி. உன் வருஷம்” என்றார்.

மகள் வாங்கிக் குடித்தாள். எனக்கும் ஐந்திலும் ஒவ்வொரு வாய் கொடுத்தார்கள். ஒயின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரே ஆற்றங்கரை, ஒரே வெயில், ஒரே மழை. ஐந்தும் ஐந்து ஆட்கள்போல இருந்தன. சாவியை விழுங்கிய பிறகு அது போகவில்லை. பாத்திரம் கழுவினேன், குழாய் மாற்றினேன், போர்வை மடித்தேன். அது நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு மெல்ல மெல்ல வேறு வேறாக மாறிக்கொண்டே இருந்தது.

“சிஸ்டரம்மா, இன்னொரு குச்சி. சாவியில” என்றார் அவர். கொடுத்தேன்.

இனிப்புப் பட்ட வாயை உடனே துடைத்துவிட வேண்டும் என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதை நான் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. அன்றைக்குத் தண்ணீர்க் கிண்ணத்தையும் புதுக் குச்சியையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணை மூடி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தை மேஜைமேல் வைத்தேன். சாயங்காலம் வரை அது அங்கேயே இருந்தது.