கொஞ்சம்போரா என்றொரு ஊர்

சனிக்கிழமை வயலின் வகுப்பிலிருந்து மகள் ஒரு தாளோடு வந்தாள். அயர்லாந்தின் பழைய போல்கா மெட்டாம். பெயர் 'கொஞ்சம்போரா'. பஞ்சத்தில் சனம் முழுக்கக் கப்பலேறிவிட, அழிந்துபோன ஒரு மலைக்கிராமத்தின் பெயர் அது என்று ஆசிரியை சொன்னாராம். சொல்லும்போது அழுதும்விட்டாராம்.

எனக்கோ கிழங்கு அவித்த வாசம்தான் வந்தது. பாரிசுக்கு வந்த புதிதில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஐரிஷ் பாரில் கோப்பை கழுவினேன். அங்கே பிடில் வாசிக்க வருபவரின் பெயர் ஓவன். சமையலறையில் நாங்கள் அவரை 'அடுப்பண்ணை' என்போம். நல்ல மனுசன். பாரில் ஆளில்லாத பின்னேரங்களில் எங்கள் வாசலில் நின்று வாசிப்பார். ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு என்று ஓடும் ஒரு மெட்டு உண்டு. அதன் தாளத்துக்குக் கிழங்கு வெட்டப்போய் விரலையும் வெட்டியிருக்கிறேன்.

அது அவருடைய மாமன் வாசித்த மெட்டு, பெயரில்லை. "நீ ஒரு பேர் சொல்லு" என்று ஒருநாள் பிரெஞ்சில் கேட்டார். நான் கொதிக்கும் கிழங்குப் பானையோடு நின்றேன். கை சுட்டது.

"கொஞ்சம் பொறு!" என்று கத்தினேன்.

அவர் முகம் மலர்ந்து கொப்பியில் எழுதிக்கொண்டார். அப்போது எனக்குப் பிரெஞ்சு கேட்டால் விளங்கும். விளக்குவதற்கு என்னிடம் இருந்தது பொன்ஜூரும் மெர்சியும்தான்.

மகளிடம் இதைச் சொன்னேன். "பப்பா, அரேத்!" என்றாள். நிறுத்தட்டாம். எனக்கு உண்மையாகவே வலித்தது. இத்தனை வருடத்தில் இந்த நகரத்தில் நான் வைத்த ஒரே பெயர் அது. சாட்சிக்கும் ஆளில்லை. பார் இப்போது கைத்தொலைபேசிக் கடை. அடுப்பண்ணை எங்கே இருக்கிறாரோ தெரியாது.

பின்னேரம் நான் கறிச்சட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து அதிசயமாகத் தமிழ் கேட்டது. "பப்பா, இஞ்சை வாங்கோ! சரியோ எண்டு கேளுங்கோ."

"கொஞ்சம் பொறு பிள்ளை!"

வயலின் நின்றது. தாளோடு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னொருக்கா சொல்லுங்கோ." சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ரீச்சருக்குச் சொல்லுவியோ?" என்று ஆசையோடு கேட்டேன்.

"பாவம் பப்பா. அவா அழுதவா."

அதுவும் சரிதான். கொஞ்சம்போரா அழிந்தபடியே இருக்கட்டும். அந்த ஊரில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான்.