சொல்தாவுக்கு முதல் துண்டு

பாகூரில் கால்நடை டாக்டர் முதலில் கேட்டது நாயின் வயதை. ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள் அவள் மாமியார் காசம்மாள் முந்திக்கொண்டு, கடை போட்ட வருஷம் வந்தது, அப்போது சேவியர் ஏழாவது படித்தான் என்றாள். சேவியர் யார் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர், இப்போது இருபத்தைந்து வயது என்று ஸ்டெல்லா மெல்லச் சொன்னாள். டாக்டர் மனத்துக்குள் கூட்டிக் கழித்து, நாய்க்குப் பதின்மூன்று இருக்கும் என்று முடிவு கட்டினார். வீட்டில் என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார்.

“வூட்ல நான் ஒண்ணும் போடறதில்ல சார்.”

டாக்டர் நாயைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த அதன் வயிறு மேசைக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது.

“பின்ன யார் போடறாங்க?”

“கஸ்டமருங்க.”

எந்தக் கஸ்டமர் என்று கேட்டதும் காசம்மாள் மருமகளைப் பார்த்தாள். மருமகள் சுவரில் இருந்த கறவை மாட்டுப் படத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் காசம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். சோரியாங்குப்பத்தில் சாராயக்கடைக்குப் பக்கத்தில் சைடிஷ் கடை வைத்திருக்கிறாள். அவித்த முட்டை, நெத்திலி வறுவல், கருவாடு, போட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். குடிக்க வருகிறவர்கள் தட்டிலிருந்து முதல் துண்டை நாய்க்குப் போட்டுவிட்டுத்தான் கிளாஸைத் தொடுவார்கள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். யாராவது நாய்க்குச் சாராயம் ஊற்றுவதுண்டா என்று தயங்கியபடி கேட்டார்.

“சீச்சீ. அந்தோணியார் கோயில் வாசல்ல எடுத்தது சார். கிறிஸ்துவ நாயி. அதெல்லாம் தொடாது.”

அந்தோணியார் கோயில் ஆண்களில் பாதிப் பேரை ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கே பார்க்கலாம் என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியும். துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. நாய்க்கு இதயம் வீங்கியிருக்கிறது, காலில் நீர் கோத்திருக்கிறது என்றார். உப்பும் எண்ணெயும் கருவாடும் இன்றோடு நிற்க வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் பூசணியும் கொஞ்சம் சோறும்தான் இனிமேல். அப்படிச் செய்தால் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் நன்றாகவே இருக்கும். பழையபடி தின்றால் இரண்டு மாதம் தாங்காது.

திரும்பும்போது ஸ்கூட்டியின் முன்பலகையில் நாய் கம்பீரமாக உட்கார்ந்து வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த காசம்மாள் ஊர் எல்லை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா வாழ வந்த நாளிலிருந்து அப்படி ஒரு மௌனம் அந்தக் குடும்பத்தில் நிகழ்ந்ததில்லை என்று அன்று இரவு சேவியர் சொன்னான்.

கரும்பு வெட்டில் முதுகு விட்டுப்போன பிறகு காசம்மாள் போட்ட கடை அது. நாலு கம்பு, ஒரு தார்ப்பாய், ஒரு இரும்புச் சட்டி. கடை திறந்த வாரத்தில் அவள் புருஷன் இன்னாசிமுத்து ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அது தின்றது, தூங்கியது, விழித்துப் பார்த்து மறுபடியும் தின்றது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து உட்கார்ந்து பென்ஷன் வாங்குபவர்களைப் புதுச்சேரிப் பக்கம் சொல்தா என்பார்கள். இதுவும் அந்த ஜாதிதான் என்று அந்தப் பெயரையே வைத்தார் இன்னாசிமுத்து. பெயர் வைத்தவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. நாயின் பென்ஷன் மட்டும் நிற்கவில்லை.

முதல் துண்டுப் பழக்கத்தைத் தொடங்கியவர் பக்கிரி. ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டத்துக்காரர். ஒருநாள் தற்செயலாக ஒரு நெத்திலியைக் குட்டிக்குப் போட்டுவிட்டுக் குடித்தவர், அன்றைக்கு ஆற்று மணலில் எங்கும் விழாமல் வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாள் அதை நாலு பேரிடம் சொன்னார். அதற்குப் பிறகு சொல்தாவுக்குப் போடாமல் குடித்தால் போதை ஏறாது என்றும், ஏறினாலும் இறங்காது என்றும் இரண்டு கட்சிகள் உண்டாயின. இரு கட்சியும் ஒழுங்காகப் போட்டுவந்தன.

ஸ்டெல்லா பழைய அட்டையில் ‘நாய்க்கு எதுவும் போடாதீர்கள்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தொங்கவிட்டாள். ஒருவர் அதை உரக்கப் படித்துவிட்டு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டி, ஒரு கருவாட்டுத் துண்டைச் சொல்தாவுக்குப் போட்டார். காசம்மாள் கரண்டியோடு எழுந்தாள். அன்று முழுக்கக் கடையில் போலீஸ் வேலைதான் நடந்தது. லுங்கி மடிப்பிலிருந்து முட்டை வந்தது. காதில் சொருகிய பீடிக்குப் பக்கத்திலிருந்து நெத்திலி வந்தது.

“ஏன் காசம்மா, ஆறு தாண்டி வர்றேன், ஒரு துண்டு போடக் கூடாதா?” என்றார் பக்கிரி.

“போட்டீன்னா அது செத்துப் பூடும். போடறியா, போடு பாக்கலாம்.”

பக்கிரி நெத்திலியைத் தட்டில் வைத்தார். அன்று அவர் குடிக்கவும் இல்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். வீட்டில் ஸ்டெல்லா கோழியை வேகவைத்து, பூசணியோடு பிசைந்து, பீங்கான் கிண்ணத்தில் வைத்தாள். சொல்தா முகர்ந்து பார்த்துவிட்டு, வயதான மாமனார் மருமகள் சமையலைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. காசம்மாள் ஊட்டிப் பார்த்தாள், கெஞ்சினாள், கன்னத்தில் செல்லமாக ஒன்று வைத்தாள், ஜெபமாலையை எடுத்து உட்கார்ந்தாள். வயிறு உள்ளே போக ஆரம்பித்தது. தின்றாலும் சாகும், தின்னாவிட்டாலும் சாகும் என்ற நிலை வந்தபோது ஸ்டெல்லா கிண்ணத்தையும் நாயையும் ஸ்கூட்டியில் ஏற்றிக் கடைக்கே கொண்டுபோனாள்.

பக்கிரி பெஞ்சில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா அதிகம் பேசாதவள். கிண்ணத்தை அவர் முன்னால் நீட்டினாள், அவ்வளவுதான். பக்கிரி ஒரு துண்டுக் கோழியை எடுத்து, எப்போதும்போல் இரண்டு விரலால் சுண்டிப் போட்டார்.

கண்ணில் புரை, காது செவிடு. ஆனாலும் சொல்தா அந்தத் துண்டைத் தரையில் விழவிடவில்லை.

பக்கிரி இன்னொன்று போட்டார். அதுவும் போயிற்று. பக்கத்துப் பெஞ்சுக்காரர் எழுந்து வந்து ஒன்று போட்டார். பிறகு எல்லாரும் வரிசை கட்டி நின்றார்கள். தள்ளாடுகிறவர்களை நிதானமாக இருக்கிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கிண்ணம் காலியானபோது யாரோ கைதட்ட, சாராயக்கடைக்குள் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தவர் என்ன சண்டை என்று வெளியே ஓடிவந்தார். காசம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

அன்றிலிருந்து புது முறை வந்தது. யார் எது வாங்கினாலும் தட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தொன்னையில் உப்பில்லாக் கோழி ஒரு துண்டு. அது சொல்தாவுக்கு. பின்னங்கால் எழாத நேரத்தில் வயிற்றுக்குக் கீழே தோளில் கிடக்கும் துண்டைக் கொடுத்துத் தூக்கி, இரண்டு பேர் அதை வேலிப்பக்கம் அழைத்துப்போவார்கள். திரும்பி வரும்போது யார் யாரைத் தாங்கி வருகிறார்கள் என்று சொல்வது கடினம். பழகியவர்களைப் பார்த்துக் குரைப்பதும் முன்பின் தெரியாதவர்களுக்கு வாலாட்டுவதும் சொல்தாவுக்குப் புதிதாக வந்த குணம். பக்கிரிக்கு மட்டும் தினமும் குரைப்பு. அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

நெட்டப்பாக்கம் பக்கமிருந்து புதிதாக வந்த ஒருவர், விவரம் தெரியாமல் தொன்னையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார். பெஞ்சில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அக்கா, இதுல உப்பு பத்தல” என்றார்.

“அது உனக்கில்லடா, அதோ அவருக்கு” என்று காசம்மாள் கரண்டியால் காட்டினாள்.

அவர் சொல்தாவைப் பார்த்தார். சொல்தா அவருக்கு வாலாட்டியது. தனக்கும் பிரஷர் இருக்கிறது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், இதையே ஒரு தட்டு கொடுங்கள் என்றார். காசம்மாள் மறுத்துவிட்டாள். பிரஷரோடு இங்கே என்ன வேலை என்று திட்டி, முட்டையின் வெள்ளையை மட்டும் கொடுத்து அனுப்பினாள். அவர் இப்போது வாரம் தவறாமல் வருகிறார், திட்டு வாங்க.

டாக்டர் சொன்ன இரண்டு மாதம் கடந்தது. நீர் வடிந்து கால் மெலிந்தது. மறுபடி காட்டப் போனபோது டாக்டர் அசந்துபோய், யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். கஸ்டமர்கள் என்றாள் ஸ்டெல்லா. இந்தத் தடவை அவரும் சிரித்தார்.

மார்கழிப் பனியில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கடையில் புது நெத்திலி பொரிந்துகொண்டிருந்தது. சொல்தாவின் மூக்கு மட்டும் எழுந்து, சட்டி இருக்கும் திசையில் நடுங்கியது. காசம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்டெல்லாவை அருகில் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

“அந்த டாக்டருக்கு ஒரு போன் போடுடி. நாளைக்குப் பண்டிகை, ஒரே ஒரு நெத்திலி போடலாமான்னு கேளு. வேணாம்னு சொன்னாருன்னா, போடச் சொன்னாருன்னு எங்கிட்ட வந்து சொல்லு.”