அருவியில் தடை, லைனில் நெரிசல்

குற்றாலத்தில் எங்கள் லாட்ஜ் கவுண்டருக்கு மேலே ஒரு கரும்பலகை தொங்கும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'குளிக்கலாம்' அல்லது 'தடை'. மலையில் மழை பெய்து தண்ணீர் கூடி, போலீஸ் ஆட்களை வெளியேற்றினால், கவுண்டரில் இருக்கும் அக்கா அந்த நிமிடமே அழித்து எழுதிவிடுவார். பக்கத்தில் நேரத்தையும் போடுவார். சாயங்காலம் அந்த நேரங்களை ஒரு டைரியில் ஏற்றிக்கொள்வார். எதற்கு இந்த வேலை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கு வேலை தென்காசித் தலைமை அலுவலகத்தில். முதலாளி அண்ணாச்சிக்கு லாட்ஜ் தவிர கடையத்தில் அரிசி ஆலை, செங்கோட்டையில் கிடங்கு. எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் இருப்பதுபோல இணைக்க, ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் ஈதர்நெட் லைன் வாங்கியிருந்தோம். அது சொன்ன தரத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. கல்லூரி முடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, கை சும்மா இருக்குமா? யாரும் கேட்காமலே ஒரு கண்காணிப்பு மென்பொருளை நிறுவினேன். நிமிடத்துக்கு ஒருமுறை சோதனைப் பாக்கெட்டுகள், அதாவது சின்னச் சின்னத் தரவுத் துணுக்குகள், ஒவ்வொரு கிளைக்கும் போய்த் திரும்பும். எத்தனை தொலைந்தன, திரும்பி வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று திரையில் கோடு ஓடும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாடு சாப்பிடுவேன். சாரலில் நனைந்துகிடக்கும் மலையடிவாரம்வரை போய், கண் இமைப்பதற்குள் திரும்பி வந்து, 'நலம்' என்று சொல்கிறதே! இன்றைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

சீசன் சூடு பிடித்ததும் தகராறு ஆரம்பித்தது. அக்கா சாவியைக் கொடுத்து, அறை நிரம்பியதாகக் கணினியில் பதிவார். சர்வர் இருப்பது தென்காசியில். திரை அப்படியே சுற்றிக்கொண்டு நிற்கும். பதிவு வந்து சேராததால் இங்கே போனில் கேட்பவர்களுக்கு அதே அறையைக் கொடுத்துவிடுவோம். இரண்டு வாரத்தில் மூன்று குடும்பங்கள் பெட்டியோடு வந்து, ஆள் இருக்கும் அறையின் கதவைத் தட்டின. லைன் சிக்குகிறது என்றார் அக்கா. அண்ணாச்சி என்னிடம் அறிக்கை கேட்டார். பாக்கெட் இழப்பு பூஜ்யம், தாமதம் நான்கு மில்லி செகண்ட். கலர் பிரிண்ட் எடுத்து, பெருமையாகவே கொடுத்தேன்.

அண்ணாச்சி அதை மேனேஜரிடம் நீட்டினார். "படிச்ச பிள்ள ஆதாரத்தோட சொல்லுது. லைனு நல்லாத்தான் இருக்கு. அந்தம்மாதான் சாவியக் குடுத்துட்டு பதிய மறந்திருக்கு. திங்கக்கிழமையில இருந்து கடையம் மில்லுக்கு மாத்திரும்."

அக்கா வீடு லாட்ஜுக்குப் பின்தெருவில். படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு மதியம் ஓடிப்போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருவார். கடையம் என்றால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை. என் பிரிண்ட் இதைச் செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். சண்டை போடுவார் என்று பயந்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். டைரியை எடுத்து என் முன்னால் வைத்தார். தடை போட்ட நேரங்கள் ஒரு பத்தியில், திரை சிக்கிய நேரங்கள் எதிர்ப் பத்தியில். ஒவ்வொரு தடைக்கும் கால் மணி நேரம் கழித்து ஒரு சிக்கல், ஒன்றுகூடத் தப்பாமல். ஆயிரக்கணக்கான பாக்கெட் அனுப்பி நான் பிடிக்காததை, ஒரு பேனாவை வைத்துப் பிடித்திருந்தார். நேரங்களைப் படம் எடுத்து, மடிக்கணினியில் என் கோட்டோடு பொருத்திப் பார்த்தேன். அந்த நிமிடங்களிலும் கோடு சமதரையாகவே கிடந்தது.

அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏட்டி, பேரருவியில வரிசை ரோடு வரைக்கும் நிக்கும். ஆபீசர் வீட்டு ஆளுவ மட்டும் ஓரமா போயி குளிச்சிட்டு வருவாவல்லா? அவ்வோகிட்ட கேட்டா கூட்டமே இல்லம்பாவ. உன் பாக்கெட்டும் அந்த மாதிரி ஆளா?"

சிரித்துக்கொண்டேதான் கண்காணிப்பு மென்பொருளின் அமைப்பைத் திறந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் லைனில் இரண்டு வரிசை உண்டு. குரல் அழைப்புகளுக்கு முன்னுரிமை வரிசை, மற்றதெல்லாம் சாதா வரிசை. மென்பொருளோடு வந்த மாதிரி அமைப்பை அப்படியே நகலெடுத்து, சோதனைப் பாக்கெட்டுகளை முன்னுரிமை வரிசையில் விட்டிருந்தேன். அக்காவின் பதிவுகள் போவது சாதா வரிசையில். அதை நான் அளக்கவே இல்லை. அந்த வரிசையை நிரப்பியது யார் என்பதும் அப்போதே புரிந்தது. தடை போட்டால் ஈரத்துணியோடு எல்லோரும் ஒரே நேரத்தில் அறைக்குத் திரும்புகிறார்கள். திரும்பியதும் அருவி வீடியோக்களை ஊருக்கு அனுப்புகிறார்கள், லாட்ஜ் வை-ஃபை வழியாக. போன வருடம் அந்த வை-ஃபையை இதே லைனில் கோத்துவிட்டதும் நானேதான்.

சோதனைப் பாக்கெட்டுகளைச் சாதா வரிசைக்கு மாற்றினேன். நிமிடத்துக்கு ஒன்று என்பதை நொடிக்கு ஒன்று ஆக்கினேன். இனி மழை வேண்டும். வெள்ளிக்கிழமை முழுக்க வெயில். திங்கட்கிழமை நெருங்குகிறது, தென்காசி அலுவலக ஜன்னலில் நின்று மலையைப் பார்த்தபடியே இருந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் மலை கறுத்தது. அக்காவிடமிருந்து போன். "பேரருவியில தடை போட்டாச்சு. மூணு அஞ்சு. இனி உன் கோட்டப் பாரு."

அண்ணாச்சியைக் கையோடு கூட்டிவந்து என் திரை முன்னால் உட்காரவைத்தேன். மூன்று பதினெட்டுவரை கோடு அசையவில்லை. அண்ணாச்சி எழப் பார்த்தார். மூன்று இருபதுக்குச் செங்குத்தாக ஏறியது. நூறு பாக்கெட்டில் பதினைந்து, இருபது என்று தொலைந்தன. லைன் நிறுவனத்தின் எஞ்சினியரிடம் போனில் கேட்டேன். ஒப்பந்த அளவுக்கு மேல் நாங்கள் தள்ளுவதால் மிச்சம் அவர்கள் பக்கத்தில் வெட்டப்படுகிறது, அவ்வளவுதான் என்றார். எங்கள் தப்புதான்.

"நான் குடுத்த ரிப்போர்ட் தப்பு அண்ணாச்சி. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல," என்றேன்.

அவர் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத முன்னாலயே பாக்கத் தெரியலயாக்கும்?"

"அவ்வோ பாத்துட்டாவ. எழுதியும் வச்சிருக்காவ. நான்தான் பாக்கல."

டைரியின் படத்தைக் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளி, எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து லாட்ஜ் கவுண்டருக்கு அடித்தார். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் அவரிடம் கிடையாது. "ஐந்தருவியில இப்ப குளிக்க விடுதாவளா?" என்று கேட்டார். எத்தனை மணிவரை என்று கேட்டார். "சரிம்மா, பலகைய விட்டுராத," என்று சொல்லி வைத்தார். மேனேஜரைப் பார்த்து, மில்லுக்கு வேறு ஆள் பாரும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வை-ஃபைக்குத் தனி இணைப்பு கொடுத்தோம். திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குக் குற்றாலம் கவுண்டர் கணினி சர்வருக்குள் நுழைந்ததை என் திரை காட்டியது. போன் போட்டு, பலகையில் இன்று என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"மூணுலயும் குளிக்கலாம்," என்றார் அக்கா. "வாரியாட்டி? வரிசையிலதான் நிக்கணும்."