படலைக்குள் நின்றவள் சொன்ன ஐந்து பெயர்

இது எனக்கு நடந்தது. நம்பாதவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. என் வேலைக் குறிப்பேட்டில் அந்த ஐந்து பெயர்களும் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. யார் சொல்லி எழுதினேன் என்ற இடம் மட்டும் இன்றுவரை வெறுமையாகக் கிடக்கிறது.

என் பெயர் சிவதர்சன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊரில் பி.எச்.ஐ. என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத் தொற்றுநோய் என்று டொக்டர் சந்தேகப்பட்டால் எங்களுக்கு ஓர் அறிவித்தல் படிவம் வரும். நாங்கள் உடனே அந்த வீட்டுக்குப் போகவேண்டும். வேறு யாருக்கும் பரவியிருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும்.

உடனே.

அந்தச் சொல்லில்தான் நான் தவறினேன்.

சென்ற மார்கழி. வெள்ளம் வடிந்து எட்டு நாள். வெள்ளிக்கிழமை காலை படிவம் வந்தது. பத்தினிப்பிள்ளை, வயது 34. சளியும் இரத்தமுமாகக் கழிச்சல், வயிற்றுக்குத்து, காய்ச்சல். சந்தேகம்: வயிற்றுளைவு. மண்டூருக்கு அப்பால் வாவிக்கரையில் ஒரு சின்னக் குடியிருப்பு. படிவத்தைப் பையில் வைத்தேன். சனியும் ஞாயிறும் நிவாரண முகாம்கள். திங்கள் கூட்டம். ஒரே ஒரு நோயாளிதானே என்று நினைத்தேன்.

செவ்வாய் பின்னேரம் 4.20க்கு மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றினேன். வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் எங்கள் பக்கம் பாதை என்போம். அக்கரையில் இறங்கி, வயல்களுக்கு நடுவே சேறும் பள்ளமுமாக ஓடி, அந்த வீட்டு வாசலில் நின்றபோது மணி 5.10. வானம் மூட்டமாக இருந்தது. வெளிச்சம் இருந்தது.

வேலிப் படலைக்கு உள்ளே ஒரு பெண் நின்றாள்.

"இப்பதான் வாறீங்களா?" என்றாள்.

"ஓம் அக்கா. வெள்ளம், முகாம் எண்டு… பத்தினிப்பிள்ளை?"

"நான்தான்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டுவிட்டார்கள் போல என்று எண்ணினேன். "இப்ப எப்பிடி இரிக்கு?"

"எனக்கு இனி ஒண்டுமில்ல. உள்ள வராதங்க. எழுதுங்க."

குறிப்பேட்டை எடுத்தேன். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பாடம் ஒப்புவிப்பது போல.

"கிருசிகா. ஆறு வயசு. என்ட மகள். பக்கத்து வீட்ட, தங்கச்சியோட இரிக்கா. அவளத்தான் முதல்ல பாக்கணும். மறுகா வேலப்போடி. கடசி வீடு. வெக்கத்துல சொல்லமாட்டார்."

பின்வளவில் இருந்த ஒரு தாயையும் மகனையும் சொன்னாள். கடைசியாக, "சின்னத்தங்கம். அறுவத்தெட்டு. கோழி வளக்கிற வீடு."

"குடிக்கிற தண்ணி?"

"எல்லாரும் ஒரே கிணறுதான். கக்கூசுக் குழி வெள்ளத்துல பொங்கி அதுக்குள்ள போச்சு."

எழுதிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. வயிற்றுளைவு வந்த வீடுகள் எத்தனையோ பார்த்தவன் நான். நாற்றம் இருக்கும். ஈ மொய்க்கும். இங்கே எதுவும் இல்லை. மருந்து மணம்கூட இல்லை. என் கழுத்திலும் கையிலும் நுளம்பு அப்பிக்கொண்டு கடித்தது. அவளைச் சுற்றி ஒன்றுகூடப் பறக்கவில்லை.

அவளுடைய இடது புறங்கையைப் பார்த்தேன். சேலைன் ஏற்றும் ஊசி, பிளாஸ்ரர் ஒட்டியபடி இன்னும் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு விடும்போது அதைக் கழற்றிவிட்டுத்தானே விடுவார்கள்…

"அக்கா, இதோட எப்பிடி…"

"கெதியாப் போங்க," என்றாள். கண் சிமிட்டவே இல்லை.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். மணி 5.19. தங்கச்சிக்காரி சீதேவிப்பிள்ளை கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே பாயில் கிருசிகா சுருண்டு கிடந்தாள். கண்கள் குழிவிழுந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். மெல்ல… மெல்ல… இறங்கியது. பக்கத்தில் கிடந்த துணியில் இரத்தம்.

"எப்ப இருந்து?"

"முந்தநாள் இருந்து, சேர். கடையில குளிசை வாங்கிக் குடுத்தன்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

அவள் அழுதாள். "அக்காக்கு வந்த உடனேயே சனம் எங்களோட கதைக்கிறத விட்டுட்டு. பயத்துல இருந்திட்டன்."

5.24க்கு அம்புலன்சுக்கு அழைத்தேன். பையிலிருந்த ஜீவனி உப்புச்சீனித் தூளைத் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகப் பருக்கச் சொன்னேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வைத்தேன்.

"நல்லவேளை, உங்கட அக்கா சொன்னா," என்றேன்.

கரண்டி அவள் கையில் நின்றது.

"எந்த அக்கா?"

"பத்தினிப்பிள்ளை. இப்ப படலையடியில நிண்டு…"

"சேர், அக்கா ஆஸ்பத்திரியில. வியாழக்கிழமை போனவ. இன்னும் வரல்ல."

இருவரும் வெளியே வந்தோம்.

படலையில் சங்கிலி. சங்கிலியில் பூட்டு. துருப்பிடித்த பெரிய பூட்டு.

அதன் திறப்பு சீதேவிப்பிள்ளையின் தாலிக்கொடியில் தொங்கியது.

முற்றம் முழுக்க வெள்ளம் விட்டுப்போன ஈரச் சேறு, முதல்நாள் மழையில் சமமாகிக் கிடந்தது. ஒரு காலடிகூட இல்லை.

என் காலடிகள் மட்டும்… படலைக்கு வெளியே… நின்ற இடத்தில் ஆழமாக…

அப்போது சீதேவிப்பிள்ளையின் வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது.

ஒரு தடவை.

இரண்டு தடவை.

சீதேவிப்பிள்ளை எடுத்தாள். "ஓம்… ஓம்…" என்றாள். பிறகு நிலத்தில் இருந்துவிட்டாள்.

மணி 5.41.

அக்கா போய்விட்டாள்.

அம்புலன்ஸ் வந்தது. கிருசிகாவையும் சித்தியையும் ஏற்றி அனுப்பினேன். நானும் திரும்பிப் போய்விடவே நினைத்தேன். ஆனால் குறிப்பேட்டில் இன்னும் நான்கு பெயர்கள் இருந்தன. போனேன். வேலப்போடி முதலில் இல்லை என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார். பின்வளவில் தாயும் மகனும் படுத்தபடுக்கை. மூன்று பேரையும் அன்றைக்கே அனுப்பினேன்.

சின்னத்தங்கம் மட்டும் கோழிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டு நின்றார். "எனக்கென்ன வருத்தம்? ஆரு சொன்னது?" என்று என்னை ஏசினார். ஆளிடம் எந்தக் குறியும் இல்லை. ஆனாலும் அவருடைய மகனிடம் ஜீவனியைக் கொடுத்து, கழிச்சல் தொடங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியற்காலை 4.15க்கு அவருக்குத் தொடங்கியது.

ஐந்து பேரும் பிழைத்தார்கள். பரிசோதனையில் சிகெல்லாக் கிருமி என்று வந்தது. கிணற்றை இறைத்து குளோரின் போட்டோம். அதன்பிறகு அந்தக் குடியிருப்பில் ஒருவருக்கும் வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து, அறிக்கையை முடிப்பதற்காக அந்த ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனேன். ஸாதியா என்ற தாதிதான் பத்தினிப்பிள்ளையைப் பார்த்தவர். நான் படலைக் கதையை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவராகத்தான் பேச்சை எடுத்தார்.

"நீங்களா சேர் அந்தப் பகுதி பி.எச்.ஐ.? அவ உங்களத்தான் கேட்டுக்கொண்டே இருந்தா. வீட்டுக்கு பி.எச்.ஐ. வருவார் எண்டு டொக்டர் வெள்ளிக்கிழமை சொன்ன. அப்ப இருந்து, வாற போற எல்லாரிட்டயும், 'வந்துட்டாரா, வந்துட்டாரா' எண்டுதான்."

"கடைசியா?"

"செவ்வாக்கிழமை அஞ்சு பத்து. நான்தான் பக்கத்துல நிண்ட. சுவரையே பாத்துக்கொண்டு கிடந்தவ, திடீரெண்டு சிரிச்சா. 'வந்துட்டார்' எண்டா. மறுகா மூச்சு இல்ல."