வாராந்திரப் பூனைக் குளியல்

"ஏல, கழுத்தப் புடில! வாலப் புடிச்சிட்டு என்ன செய்த?"

உச்சிமாகாளி வாலை விட்டான். வெள்ளச்சி பக்கெட்டிலிருந்து எழும்பி, என் முன்கையைப் பிறாண்டி, தோளில் ஏறி, மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த என் கம்பெனிச் சட்டைக்குத் தாவினாள். அதில் தொங்கியபடி நுரையோடு என்னைப் பார்த்தாள். நனைந்த பூனை பாதிதான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மீதிப் பாதி வெறும் முடி.

"நீதான வாலப் புடின்னே?" என்றான் அவன்.

"அது சோப்பு போடுதப்ப."

கீழே வாசலிலிருந்து வீட்டுக்காரம்மா லீலா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா தம்பி, பூனைய துவைக்கிறியா? எங்க எருமைகூட நெனச்சாதான் ஏரில எறங்குது."

வடக்குப்பட்டில் அவர் வீட்டு மாடி அறையில் நானும் உச்சிமாகாளியும் வாடகைக்கு இருக்கிறோம். இருவரும் அம்பாசமுத்திரம் பக்கம். வெள்ளச்சி வாடகைக்கு வந்தவள் இல்லை. மழைக்கு ஒதுங்கியவள் என் பனியன்மீது படுத்துப் பார்த்தாள், பிடித்திருந்தது, தங்கிவிட்டாள். என்னைப் பிடித்து இதுவரை யாரும் தங்கியதில்லை. அதனால் அவளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஒரகடத்தில் கார் பம்பர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில், பெயிண்ட் ஷாப் என்கிற பிரிவில் நான் பரிசோதகன். விளக்கு வெளிச்சத்தில் வரும் பம்பரைச் சாய்ந்தும் குனிந்தும் பார்த்து, பெயிண்டுக்குள் தூசியோ முடியோ சிக்கியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். தலை முதல் கால்வரை மூடிய உடுப்பு. உள்ளே நுழையுமுன் காற்றைப் பீய்ச்சி உதறி விடுவார்கள். ஏசி உண்டு. "மவன் ஏசில வேல பாக்கான்" என்று அம்மா ஊரில் சொல்லிக்கொள்வாள். அம்மா சொல்லாத இடங்களில் நானே சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் கறுப்பு பம்பர் ஒன்றில் வெள்ளை முடி வந்தது. காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் ஜீவானந்தம் அது எப்படி வந்தது என்று கேட்டார். எங்கள் கம்பெனியில் ஒரு தவறு நடந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அதற்கும் ஏன். வேர் தட்டுப்படும்வரை ஏன். அந்த நேரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பது தொழிலாளிகள் கண்டுபிடித்த முறை. மற்றவர்கள் அதன்படி நின்றார்கள். நான் கையைத் தூக்கினேன்.

முடி ஏன் வந்தது? உடுப்பிலிருந்து விழுந்தது. உடுப்புக்கு ஏன் வந்தது? உள்ளே போட்ட பனியனிலிருந்து. பனியனில் ஏன்? அதன்மேல் ஒரு வெள்ளைப் பூனை தூங்குகிறது. யார் பனியன்? என் பனியன்.

வேரைக் கண்டுபிடித்தவனுக்குக் கை தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். வேரே நான்தான் என்பது கையை இறக்கும்போதுதான் உறைத்தது.

"சரிபா சங்கரு, இதுக்கு நடவடிக்கை இன்னா?" என்றார் ஜீவானந்தம்.

"பூனையைக் குளிப்பாட்டிடுறேன் சார். வாராவாரம்."

"செய்யி. இன்னொரு தபா முடி வந்துச்சு, நீ லோடிங்குக்குப் போயிடு."

லோடிங் வெளியே இருக்கிறது. தகரக் கூரை, லாரி, வெயில். அங்கே யாரும் முடியைத் தேடுவதில்லை. ஊரில் சொல்லிக்கொள்ளவும் எதுவும் இல்லை.

மெஷினுக்கு வாரப் பராமரிப்பு உண்டு. பூனைக்கும் அதுபோலத்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் பக்கெட், வெந்நீர், என் பொடுகு ஷாம்பு. எனக்கே அந்த ஷாம்பு அவ்வளவு ஒழுங்காகக் கிடைத்ததில்லை. ஆனால் முடி குறையவில்லை. பாயில் கிடந்தது, தலையணையில் கிடந்தது, உச்சிமாகாளியின் ரசத்தில் மிதந்தது. குளியல் போதவில்லை என்று முடிவு செய்து புதன்கிழமையையும் சேர்த்தேன். வெள்ளச்சி கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். சொறிந்த இடத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது.

"ஏல சங்கரா, அது சொட்டையாவுதுல," என்றான் உச்சிமாகாளி. "உன் தலைக்கு நடந்ததே அதுக்கும் நடக்கு. அந்த ஷாம்ப மொதல்ல தூரப் போடு."

அவளைக் கட்டைப் பையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அமலா முடியை விலக்கித் தோலைப் பார்த்தார்.

"எத்தன நாளைக்கொருக்கா குளிப்பாட்டுறீங்க?"

"வாரம் ரெண்டு மேடம்."

"யார் சொன்னது?"

"சூப்பர்வைசர்கிட்ட நான்தான் சொன்னேன்."

அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "நாள் பூரா நக்கி நக்கி அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்குது. எண்ணெய், கிரீஸ்ல விழுந்து வந்தா குளிப்பாட்டுங்க. இல்ல, தோல் வியாதின்னு நாங்க சொன்னா குளிப்பாட்டுங்க. சும்மா சும்மா ஷாம்பு போட்டா தோல்ல இருக்கிற எண்ணெய் போயி, தோல் காஞ்சி, முடி கூடத்தான் கொட்டும். சீப்பால வாரி விடுங்க, போதும்."

மறுநாள் காலை பம்பர் ஒன்றில் மறுபடி வெள்ளை முடி. ஜீவானந்தம் வாயைத் திறக்குமுன் நான் கையைத் தூக்கினேன். ஒருமுறை பட்டவன் திருந்துவான் என்பது என் விஷயத்தில் செல்லாது.

"சார், குளிப்பாட்டினதாலதான் முடி அதிகமா கொட்டியிருக்கு. இனிமே குளிப்பாட்ட மாட்டேன். அதுதான் நடவடிக்கை."

லைனில் யாரோ சிரித்தார்கள்.

"ஏம்பா, குளிப்பாட்டுனா வராதுன்னதும் நீதான். இப்ப குளிப்பாட்டாட்டி வராதுன்றதும் நீதான். அடுத்த வாரம் இன்னா, மொட்டை அடிப்பியா?" அவர் சலித்துப்போய் என்னைப் பார்த்தார். "பூனையா, பெயிண்ட் ஷாப்பா? ஒண்ணு சொல்லு."

பூனை என்று நான் உரக்கச் சொன்னதாக எழுத ஆசை. உண்மையில், வெள்ளச்சியை லீலாம்மாவிடம் விட்டுவிட்டுத் தினமும் கீழே போய்ப் பார்த்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது நடக்காது, மறுநாளே மாடியேறி வந்து பனியனில் படுப்பாள் என்று தோன்றியது. அவள் படுத்தால் நான் எழுப்ப மாட்டேன் என்பதும் தெரிந்தது. இதை மரியாதையாகச் சொல்ல வார்த்தை தேடி முடிப்பதற்குள் அவர் என் இடத்துக்கு லைனில் பக்கத்தில் நின்ற எழிலரசனைக் கூப்பிட்டுவிட்டார்.

மறுநாள் லோடிங்குக்குப் போனேன். தொப்பியும் கையுறையும் கொடுத்தார்கள். பம்பரை உறையில் போட்டு, ட்ராலியில் நிறுத்தி, லாரிவரை தள்ள வேண்டும். வெயில் இருந்தது. மதியம் கேன்டீனில் எலுமிச்சை சாதம். மாலையில் கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இறங்கி, கடையில் நெருக்கமான பல் உள்ள சீப்பு ஒன்று வாங்கினேன். வெள்ளச்சியை வாரினேன். முடி வந்தது. அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். அம்மா போன் செய்தாள். வேலை எப்படி என்று கேட்டாள். காற்றோட்டமாக இருக்கிறது என்றேன்.