கப்பலில் ஏறிக்கொண்ட ‘அது’

என் வீட்டுக்காரருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் என் மாமியார். கேட்டுக்கொண்டு வாயை மூடி இருந்தவள் நான். இரண்டில் எது பெரிய பாவம் என்று கேட்டால், என்னுடையதுதான் என்பேன்.

அவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் ஆயில்மேன் வேலைக்குப் போனவர். எண்பதுகளின் தொடக்கம், பதினான்கு மாதம் கழித்துத் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மாமியார் “மக்கா, மக்கா” என்று தொண்டை வறளக் கூப்பிடுவார். நான் “என்னங்க” என்பேன். எதற்கும் திரும்பமாட்டார்.

எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. அவருக்கு அவருடைய அப்பாவழித் தாத்தாவின் பெயர். தன் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று என் மாமியார் பெற்ற பிள்ளையைப் பிறந்ததிலிருந்தே ‘மக்கா’ ஆக்கிவிட்டார். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று நான் ‘என்னங்க’ ஆக்கிவிட்டேன். பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

“வந்திருக்கது எம்மவன் இல்லளா. கப்பல்ல என்னமோ ஏறியிருக்கு” என்றார் மாமியார். அதற்குப் பிறகு அவர் பேச்சில் மகன் ‘அது’ ஆகிவிட்டார். அது சாப்பிட்டுதா, அது தூங்குதா. ஒரு வாரத்தில் என் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பேய் ஓட்ட அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய், பதின்மூன்று செவ்வாய் அங்கேயே வைத்துக்கொள்வதென்று முடிவானது. வேன் பேசியாயிற்று. பேய் பிடித்தவன் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் அவனோடு ஒரே அறையில் படுக்க எந்தக் கப்பல்காரனும் சம்மதிக்கமாட்டான். அவர் கடல் பிழைப்பு அதோடு சரி. தெரிந்துதான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் தெருக்கோடி வீட்டில் டெலிவிஷன் போட்டார்கள். கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் அண்ணாச்சியின் வீடு அது. பழைய தோணியின் பாய்மரம் ஒன்றை மாடியில் நட்டு, உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, இலங்கை டி.வி. கிடைக்கக் கொழும்பைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். காற்றடித்தால் படம் ஓடிவிடும். அண்ணாச்சியும் மாடிக்கு ஓடுவார். தெருவில் பாதி அங்கே உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரரைத் தனியாக விடப் பயந்து மாமியார் அவரையும் கூட்டி வந்தார். அவர் கதவோரம் நின்றுகொண்டார்.

அன்றைக்கு ஓடியது இங்கிலீஷ் படம். ஆகாயத்தில் போகிற ஒரு கப்பல். அதில் ஒரு வெளிச்சம் நுழைந்து கேப்டன் உடம்புக்குள் புகுந்துகொள்கிறது. உருவம் அதேதான், குரலும் அதேதான். கூட இருக்கிறவர்களுக்குத்தான் சந்தேகம். ஒரு வார்த்தை புரியாமலே எங்கள் தெருப் பெண்களுக்குக் கதை முழுக்கப் புரிந்துவிட்டது. “கண்ணப் பாரு, நட்டுக்க நிக்கிது” என்றாள் ஒருத்தி. மாமியார் என் தோளை இடித்தார். நம் வீட்டுக் கதை என்று அர்த்தம்.

படத்தில் டாக்டர் வந்து ஏதோ சொன்னார். “ஏளா, நீதான ஷிப்பிங் ஆபீஸ்ல டைப் அடிக்க. என்ன சொல்லுதான்?” என்றார் மாமியார்.

எனக்குப் பிடிபட்டது ‘ஏலியன்’ என்ற ஒரு சொல்தான். அந்தச் சொல்லை நான் ஆபீஸ் பாரங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக் கப்பல் ஆட்கள் கரையிறங்கும்போது நிரப்புகிற பாரம். வேற்றுக் கிரகத்து ஆளுக்கும் அதே சொல்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் சொன்னேன்: “கேப்டனுக்குள்ள ஒரு வெளிநாட்டுக்காரன் பூந்துட்டானாம், மாமி.”

“எந்த நாட்டுக்காரன்?” என்றாள் ஒருத்தி. “பாஸ்போர்ட் இருக்கான்னு கேளு” என்றார் அண்ணாச்சி. வீடே சிரித்தது. என் இங்கிலீஷின் மானம் கப்பலேறியது.

அப்போது கதவோரத்திலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர்தான். ஊருக்கு வந்து முதல்முறையாகச் சிரித்தார். சிரித்தபடியே கண் நிறைந்துவிட்டது.

“அவ சரியாத்தான் சொல்லுதா. ஏலியன்னா வெளியூர்க்காரன்தான். என் கட்டில்ல எழுதித் தொங்கவிட்டிருந்தாவளே” என்றார்.

எந்தக் கட்டில் என்று யாரோ கேட்டார்கள். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அவர் நின்ற இடத்திலேயே சொன்னார். நடுவழியில் கடும் காய்ச்சல். ஏதோ ஒரு துறைமுகத்தில் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. நாற்பது நாள் தனியாகக் கிடந்திருக்கிறார். பாஷை தெரியாது. அவர் பெயர் அந்த ஊர் நர்சுகளின் வாயில் நுழையவில்லை. கட்டிலில் தொங்கிய அட்டையில் இருந்த அந்தச் சொல்லைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“ஏம்லே ஒரு வார்த்த சொல்லல?” என்று மாமியார் கேட்டார்.

“சொன்னா நீ அழுவ. அதான்.” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “கப்பல்ல ஆயில்மேன், அங்கன ஏலியன். வீட்டுக்கு வந்தா ‘அது’. எனக்கு காது நல்லாத்தான் கேக்கு.”

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாமியார் சொன்னதைத்தானே சொன்னேன் என்று உள்ளுக்குள் ஒரு சமாதானம் எழுந்தது. அந்தச் சமாதானம்தான் எனக்கு இன்னும் அசிங்கமாகப் பட்டது. ஆகாயக் கப்பல் கேப்டனுக்காவது அவனைச் சோதித்துப் பார்க்க ஒரு டாக்டர் இருந்தார். இவரிடம் நாங்கள் என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நேராக வேன் பேசிவிட்டோம்.

அந்தக் கேப்டன் பிழைத்தானா என்று எனக்குத் தெரியாது. அவர் வெளியே இறங்கிவிட்டார், நாங்களும் எழுந்துவிட்டோம். பகல் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. தெருவில் அவர் முன்னால் போனார். பத்தடி பின்னால் நான். எனக்குப் பின்னால் மாமியார்.

‘என்னங்க’ என்று வாயெடுத்தேன். வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஒருதரம்கூடச் சொல்லாத அவர் பெயரை, நாலு வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருக்க, முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டேன்.

ஒரு தடவை கூப்பிட்டதுமே அவர் நின்றார். திரும்பினார். “என்னளா?” என்றார்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

வேறு நாளாக இருந்தால் மாமியார் என் வாயில் சூடு போட்டிருப்பார். அன்றைக்கு என் பக்கத்தில் வந்து நின்று, “நாளைக்கு வண்டி வேண்டாம்னு ஆள் அனுப்பிரு” என்றார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பாதி மூடிக்கொண்டு, செத்துப்போன தன் மாமனாரிடம் மன்னிப்புக் கேட்கிறவர்போல மெதுவாக, தன் மகனை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.